மதில் ஓரம் ஒரு தாய்நாய்

எண்ணூர் சாலையில் நடைபாதை என்பது துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையில் நிற்பதற்கான இடம். ஆகவே, மதிலுக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய சந்து வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில், ஒரு டிரெய்லரின் பின்சக்கரங்களுக்கு அடியிலிருந்து உறுமல் கேட்டது. செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை நாய். அதன் பின்னால், டயரை ஒட்டி, கண் திறக்காத மூன்று குட்டிகள்.

ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். தெருநாயை எப்படி அணுகுவது என்று வகுப்பே எடுத்திருக்கிறேன். ஓடக் கூடாது. கண்ணைப் பார்க்கக் கூடாது. முதுகு காட்டக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கைகளைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். குட்டி போட்ட நாய் என்றால் அணுகவே கூடாது, மெல்லப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கக் காலை எடுத்தேன், உறுமல் உயர்ந்தது. மதிலோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் வரிசையின் முன்பக்கம் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. இந்தச் சக்கரம் அரைச் சுற்று சுற்றினால் குட்டிகள் இருக்காது. ஓட்டுநரிடம் போக முடியாதபடி நடுவில் நாய். வேறு வழியில்லாமல் கன்டெய்னரில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன்.

கிளீனர் ஒருமுறை தட்டினால் நில்; இருமுறை தட்டினால் போ. இதையும் வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்.

இன்ஜின் உறுமியது.

"நிறுத்துப்பா! அடியில குட்டிங்க கீது!" வகுப்பில் நான் பேசிய தமிழ் அல்ல இது.

சக்கரம் ஒரு கையளவு உருண்டு, பிரேக் சீறி நின்றது. இடப்பக்க ஜன்னலில் ஓட்டுநரின் தலை நீண்டது.

"இன்னா நைனா, நீயா தட்டுன? என் கிளீனரு டீக்கடைல கீறான். அவன்தான்னு நெனச்சேன்."

"தாய்நாய் குட்டிங்கள எடுத்துக்கினு போற வரைக்கும் நகராத."

"பின்னாடி ஆரன் அடிச்சிக்கினு கீறானுங்க. சீக்கிரம் எடுக்கச் சொல்லு உன் தோஸ்த."

சக்கரம் அசைந்ததில் மிரண்ட நாய், ஒரு குட்டியை வாயில் கவ்விச் சுற்றுமுற்றும் பார்த்தது. அந்தச் சந்தில் எண்ணெயும் சாம்பலும் படியாத இடம் நான் நின்ற இடம் ஒன்றுதான். குட்டியை என் செருப்புகளுக்கு நடுவே வைத்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. கடைசியில் என் பாதங்களின் குறுக்கே தானும் படுத்துக்கொண்டது.

"மூணும் வந்துச்சா?"

"வந்துடுச்சு."

டிரெய்லர் நகர்ந்தது. சாலையும் எதிரே பேருந்து நிறுத்தமும் தெரிந்தன.

"வா நைனா! வயி வுட்டாச்சுல்ல, இன்னும் இன்னா நின்னுகினு கீற?"

கால் கட்டைவிரலை அசைத்தேன். நாய் உறுமியது.

பின்னால் இருந்த டிரெய்லர் முன்னேறி வந்து அதே இடத்தில் நின்றது. நான் பக்கவாட்டில் திரும்பி, கைகளைத் தொங்கவிட்டு, கண்ணைப் பார்க்காமல் நின்றேன்.