எர்த் பின்னை வெட்டியவர்

தேனியில் என்னோடு இன்வெர்ட்டர் பழுதுபார்த்தவர் நெடிய உருவம். சட்டையில் மடிப்புக் கலையாது. உயர் மின்னழுத்தத்தை அளக்கும்போது, மின்சாரம் நெஞ்சு வழியே பாய்ந்துவிடக்கூடாதென்று இடது கையைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அந்தக் கவனத்தை நம்பியிருந்தேன்.

ஒருநாள் அளந்துகொண்டிருந்தபோது, மின்னலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பின் உலோகப் பெட்டி என்னைத் தூக்கியடித்தது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். உயிரைக் காக்கும் எர்த் பின் வெட்டப்பட்டிருந்தது.

“யாரு வெட்டுனது?”

“நாந்தாண்ணே. அளக்குற வயரோட கிளிப்பைக் கரண்டு பக்கம் மாட்டுனா, எர்த்து வழியாப் பாஞ்சு சும்மா சும்மா டிரிப் ஆகுது. போன மாசமே வெட்டிட்டேன்.”

“எங்கிட்டச் சொல்ல வேணாமா?”

“சொன்னா விட்டிருப்பீகளா?”

போன மாதத்திலிருந்துதான், “நீங்க அளந்தாத்தாண்ணே சரியா இருக்கும்” என்று அந்த வேலையை அவர் என்னிடம் தள்ளியிருந்தார். அதை மரியாதை என்று எண்ணி, வீட்டில்கூடச் சொல்லி மகிழ்ந்திருந்தேன்.