முதல் வாய் யாருக்கு

ராமென் என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் சூப் கடையில் பரிமாறுகிறவளுக்கு முதலாளியும் எதிரியில்லை, வாடிக்கையாளரும் எதிரியில்லை; சூப்பில் கிடந்து ஊறும் நூடுல்ஸ்தான் எதிரி. தட்டு தூக்கிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பர்மாவின் யாங்கூனில், க்யிம்யிண்டைங் சந்தைப் பக்கம் எங்கள் கடை. மாலையானால் உட்கார இடம் கிடைக்காது. இந்த வருஷம் எனக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. என் ஒரே மகன் ஜோசப், ஜப்பானில் ஒரு முதியோர் இல்ல வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். "நீங்க சரின்னு சொன்னாத்தாம்மா போவேன்" என்கிறான். நான் இன்னும் சரி சொல்லவில்லை.

அப்பாவின் கிண்ணம்

வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகளின் கிண்ணங்கள் முதலில் தயாராகிவிட்டதால் சூடாகக் கொண்டுபோய் வைத்தேன். ஒருவரும் சாப்பிடும் குச்சியைத் தொடவில்லை. அப்பா கேட்ட காரம் கூடிய ராமென் வந்து சேர்வதற்குள் மற்றவர்களுடையது கஞ்சியாகிவிட்டது.

பர்மியர் வீட்டில் மூத்தவருக்குத்தான் முதலில் பரிமாற வேண்டும். அவர் வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? அவசரத்தில் புத்தி மழுங்கிவிட்டது. இங்கே எல்லோரும் என்னை 'அமா', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்த மகள் கோபமில்லாமல் கேட்டாள், அதுதான் எனக்கு இன்னும் சுட்டது: "அமா, அப்பா சாப்பிடாம நாங்க எப்படித் தொடுறது?"

உறிஞ்சும் சத்தம்

ஜப்பானிய மொழி வகுப்பு விட்டதும் இளசுகள் கூட்டமாக வருவார்கள். சர்ரென்று உறிஞ்சிச் சாப்பிடுவார்கள். கரண்ட் போனால், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை இருட்டில் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்து மேசைப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் போன மாதம் பார்த்த முகங்கள் சில இந்த மாதம் இல்லை; ஜப்பான் போய்விட்டார்கள். ஒருநாள் நானும் "மெதுவா சாப்பிடுங்களேன்" என்றேன். ஒருவன் சிரித்தான்: "அமா, அங்க இப்படித்தான் சாப்பிடணுமாம். இங்கயே பழகிக்கிறோம்."

எடுத்து வைத்த நூடுல்ஸ்

டோ ம்யா என்ற வயதான அம்மா, பக்கத்து ஊரான த்வாண்டேயிலிருந்து மகனோடு வருவார். மகன் ஜப்பானுக்கு, ஒசாகா போன பிறகு ஒருநாள் தனியாக வந்தார். சாப்பிடும் முன் கொஞ்சம் நூடுல்ஸை எடுத்துச் சின்னத் தட்டில் தனியே வைத்தார். பெற்றோர் அருகில் இல்லாதபோது முதல் வாயை அவர்கள் பேருக்கு எடுத்து வைப்பது இங்கே வழக்கம். "உங்க அம்மாவுக்கா?" என்று கேட்டேன். "மகனுக்கு" என்றார். வயதில் சிறியவனுக்கு இப்படி எடுத்து வைத்து நான் பார்த்ததேயில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அங்க அவன் தனியா, யாருக்காகவும் காத்திருக்காம சாப்பிடுறான், மகளே. அதை நினைச்சுத்தான் அவனுக்கு முதல்ல எடுத்து வைக்கிறேன்."

எங்கள் மேசை

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. என் பிள்ளையும் அப்படித்தானே சாப்பிடப்போகிறான். ஆனால் அவனை இங்கே பிடித்து வைத்து என்ன கொடுக்கப்போகிறேன்? உருப்படியான வேலையில்லை; ஊர் நிலவரமும் சரியில்லை, அவன் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானாலே நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

என் விடுமுறை நாளில் ஜோசப்பை எங்கள் கடைக்கே சாப்பிட அழைத்துப் போனேன். சமையல்காரர் கோ துன், என் கிண்ணத்தை முதலில் வைத்து, பிறகு அவனுடையதை வைத்தார். ஜெபம் பண்ணினோம். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் மூத்தவர் முதலில் என்பது எங்கள் வீட்டிலும் ஒட்டிக்கொண்ட பழக்கம். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

"சாப்பிடுங்கம்மா, ஊறிடும்."

"நீ முதல்ல சாப்பிடு. பழகிக்கோ."

நான் சரி சொல்லிவிட்டேன் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. குனிந்து ஒரு வாய் சாப்பிட்டான். நிமிரவேயில்லை. அப்படியே சொன்னான்: "நல்லாயிருக்கும்மா. இப்ப நீங்க."

அன்றைக்கு மூத்தவளான என் கிண்ணத்தில்தான் நூடுல்ஸ் ஊறிக் கஞ்சியானது. அந்த வாடிக்கையாளர் குறையொன்றும் சொல்லவில்லை.