எங்கள் பாடசாலையின் இரண்டு ரியூபாக்கள்

பாண்ட் குழுவின் பொறுப்பாசிரியை என்றால் வாத்தியம் தெரிந்தவர் என்று நினைப்பீர்கள். உண்மையில் அது ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறக்காதவருக்குப் போய்ச் சேரும் வேலை. கேட்காத பொறுப்புத் தலையில் விழுந்த உங்களுக்கு இது புரியும். நான் புவியியல் படித்தவள். எனக்குக் கிடைத்தவை என்னைவிட வயதான இரண்டு ரியூபாக்கள், ஆளையே சுற்றிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல்கள். ஒன்று நன்றாக ஊதும். மற்றதில் காற்று நிற்காது. பொருட்கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் சத்தம் வராததைப் பட்டியலிலிருந்து கழித்துவிடுவார்கள், ஒன்று குறைந்தாலும் பாண்டைக் கலைக்க வேண்டியதுதான் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

குருநகர் வைத்தியம்

ரியூபா திருத்துகிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. அதை ஊதும் யாழினி தரம் பத்துப் பிள்ளை. அவளும் நானும் பழுதானதை ஓட்டோவில் ஏற்றிக் குருநகரில் படகு திருத்தும் அண்ணையிடம் கொண்டுபோனோம். சைக்கிள் ரியூப் பார்ப்பதுபோல அவர் அதைத் தண்ணீர்ப் பீப்பாவில் அமிழ்த்தி, என்னை ஊதச் சொன்னார். மீன் வாங்க வந்த சனம் முழுவதும் நின்று பார்த்தது. பதினொரு இடத்தில் குமிழி வந்தது. எல்லாவற்றையும் படகுக்குப் பூசும் நீல ஃபைபரால் அடைத்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, உது இனி ஊதுமோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனா மிதக்கும்."

கும்பம்

நவராத்திரி முதல் நாள் வாத்தியங்களைச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கினோம். நல்ல ரியூபாவை யாழினி பழப்புளி போட்டு மினுக்கி, வாய் மேலே பார்க்க நிறுத்தியிருந்தாள். கும்பம் வைக்கும் செம்பைக் காணவில்லை. பூசைக்கு வந்த ஐயருக்குப் போக இன்னும் மூன்று பள்ளிக்கூடம் இருந்தது. கண்ணில் பட்ட பித்தளை வாயில் மாவிலையைச் செருகித் தேங்காயை வைத்தார். தேங்காய் உள்ளே இறங்கி இறுகிக்கொண்டது. அது வாத்தியம் என்று சொல்ல எழுந்தேன், வந்தது இருமல். பூசை முடிந்தபின் யாழினிதான், தேங்காயை எடுக்கலாமா என்று ஐயரிடம் கேட்டாள்.

"தங்கச்சி, மந்திரம் சொல்லி வைச்ச கும்பம். விசயதசமிக்கு முதல் ஆரும் கை வைக்கப்படாது."

கணக்கெடுப்பு

அதிகாரி மறுநாளே வந்தார். நீலம் பூசியதை முதலில் காட்டினோம். யாழினி மூன்று முறை ஊதினாள், வெறும் காற்று. நாலாம் முறை படகு எஞ்சின் பிடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. வெளியே காகங்கள் எழும்பின. சரி என்று குறித்துக்கொண்டு, மற்றது எங்கே என்றார். நான் கையை மட்டும் காட்டினேன். பட்டும் மாலையும் சாத்தி, விளக்கின் முன்னால் அது நின்றது. அவர் பட்டியலைப் பார்த்தார், மாவிலையைப் பார்த்தார். ஊதச் சொல்வாரோ என்று யாழினி என் கையைப் பிடித்தாள். அவர் சப்பாத்தைக் கழற்றி, திருநீறு பூசிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"ரீச்சர், சாமியைக் கழிச்ச பாவம் எனக்கு வேண்டாம். உதைப் பாண்டுக் கணக்கிலயே பூசைச் சாமான் எண்டு எழுதுறன்."

விசயதசமி போயும் தேங்காய் வரவில்லை என்பதால், எங்கள் பாண்டில் இப்போது நல்ல ரியூபாவைக் கும்பிடுகிறோம், ஓட்டை ரியூபாவை ஊதுகிறோம்.