இஸ்திரிப் பலகையில் எழுதுகிறவள்

என் மனைவி நாவலாசிரியை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் மூக்கில் ஃப்ரேம் மாட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. வீட்டிலிருக்கும் ஒரே மேசையையும் என் தையல் மெஷின் பிடித்துக்கொண்டது. அதனால் சமையலறையில் இஸ்திரிப் பலகையை விரித்து, நின்றபடியே எழுதுவாள். இரண்டு நாவல்கள் அப்படி வந்தவைதான்.

இரண்டாவது நாவல் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. நல்லது கெட்டது சொல்லக்கூட ஆளில்லை. ஒருநாள் பலகையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டாள்.

"எழுத்தைப் பத்தி என்ன வேணா கேக்கலாம்னு ஃபோன்ல என் பக்கத்துல போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள முகம் தெரியாத ஒருத்தராவது கேட்டா மூணாவதை எழுதுவேன். இல்லேன்னா இது துணி தேய்க்க மட்டும்தான்."

சனிக்கிழமை வரை ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பொய்ப் பெயரில் நுழைந்து, கதாநாயகனின் கோட்டுக்கு என்ன லைனிங் என்று கேட்டுவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கேள்வி: கதையில் வரும் நாத்தனாரை ஏன் அவ்வளவு பொல்லாதவளாகக் காட்டினீர்கள்? என் தங்கையைத் தவிர வேறு யார் இதைக் கேட்பார்கள்? மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சானோ, நாவலில் வரும் கிழவருக்கு இருமல் மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்பு கொடுத்தார்களா, பின்பா என்று கேட்டிருந்தான். நாங்கள் மூவரும் கூடிப் பேசவே இல்லை. தனித்தனியாகவே மாட்டிக்கொண்டோம்.

மூன்றுக்கும் 'அன்புள்ள வாசகருக்கு' என்று தொடங்கிப் பொறுமையாகப் பதில் போட்டாள். பலகையை மட்டும் தொடவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விளக்குப் போடும் நேரத்தில் இன்னொன்று வந்தது. 'காலி செய்த வீட்டின் சாவியோடு அவள் பஸ் ஏறிவிட்டாளே, அதைத் திருப்பிக் கொடுத்தாளா? வேலைக்கு நடுவில் இதே யோசனையாக இருக்கிறது.'

ஃபோனோடு வந்து மெஷின் பக்கத்தில் நின்றாள். "லைனிங் நீங்கதான். அது தெரியும். இதுவும் நீங்கதானா?"

"சத்தியமா இல்ல. நான் இன்னும் கடைசி அத்தியாயமே படிக்கலை."

முறைத்தாள். ஆனால் நம்பினாள். தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டாள், அவளும் இல்லை என்றாள். மச்சான், எந்தச் சாவி என்று திருப்பிக் கேட்டான்.

ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத் தட்டினாள்: 'எனக்கும் தெரியவில்லை. எழுதிப் பார்த்துச் சொல்கிறேன்.' பலகையை விரித்தாள். தேய்க்க வேண்டிய என் சட்டைகளை அள்ளி என் மடியிலேயே போட்டாள்.

மறுநாள் துணி தைக்கக் கொடுக்க வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தையல்காரர் சட்டையே இப்படிக் கசங்கியிருக்கிறதே என்றார்.

"வீட்ல நாவல் எழுதுறாங்க" என்றேன்.