அவளையும் மெஷினையும் திட்டிய பத்து நாள்

போன வருடம் ஆடி மாதம். இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த நேரம். நான் ஆட்டோ ஓட்டுபவன். அஞ்சு நிமிடம் சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். என் மனைவி முப்பது வருடம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அதற்கு மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நடந்து வருபவள் எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வாசலில் திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்பாளே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "வா, டக்குனு வா" என்று கத்துவேன். கத்தக் கத்த இன்னும் அதிகமாக நின்றுபோவாள்.

டவுனில் பிசியோதெரபி பார்க்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஒரு சின்ன மெஷின் கொடுத்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு பேட் ஒட்டி, சப்பாத்துக்குள் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். குதிகால் எழும்பியதும் மெல்லிய கரண்ட் போய் நரம்பைத் தூண்டும், பாதம் தானாக மேலே வரும். எல்லாருக்கும் சரிவரும் என்று சொல்ல முடியாது, பத்து நாள் பார்ப்போம் என்றார். பலன் இல்லையென்றால் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டுமாம். இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒட்டுவதற்கு முன் காலை நன்றாகக் கழுவச் சொன்னார்.

அங்கே போட்டுப் பார்த்தபோது பாதம் அழகாக எழும்பியது. வீட்டில் மறுநாளிலிருந்து ஒட்டினால் அசைவே இல்லை. சாயங்காலம் ஹயர் ஓட்டம் முடிந்து வந்து நான்தான் ஒட்டுவேன். அந்தக் குளிரில் யார் கழுவிக்கொண்டிருப்பது என்று துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு ஒட்டினேன். பேட் வழுக்கி விழும். விழாவிட்டாலும் ஒன்றும் தெரியவில்லை என்பாள். முதலில் மெஷினைத் திட்டினேன், பிறகு அவளை. எட்டாம் நாள், "ஒனக்கு நடக்கவே மனசில்ல" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் மெஷினைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனோம். அந்த அம்மா என் மனைவியின் காலைத் தொட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதென்ன, காலெல்லாம் வழுவழு எண்டு கிடக்கு? கழுவிப்போட்டோ ஒட்டினனீங்கள்?"

நான் அசடு வழிந்தேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "அட்டைக்குப் பூசுன சவுக்காரம்ங்க" என்றாள்.

மலைக்குப் போகிறவர்கள் ரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சோப்பைத் தேய்ப்பது வழக்கம்தான். ஆனால் இவள் வேலையை விட்டே மூன்று வருடம் ஆகிறதே! துருவிக் கேட்டேன். மெஷின் வந்த மறுநாளிலிருந்து, நான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனதும், லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் போகும் பாதையில் மெஷின் இல்லாமலே தனியாக நடந்து பழகியிருக்கிறாள்.

"வாசல்ல நடந்தா எல்லாரும் பாக்குறாங்க. நீங்க இருந்தா கத்துறீங்க. அங்கன்னா, நின்னுபோனாலும் ஏன்னு கேக்க ஆளில்ல" என்றாள்.

அந்த மழையில் வழுக்கி விழுந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? மனசில்லை என்று நான் சொன்ன மறுநாள் காலையிலும் போயிருக்கிறாள்.

வெந்நீர் வாங்கி நானே அவள் காலைக் கழுவினேன். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த புள்ளிகள். பேட் கப்பென்று ஒட்டியது, பாதம் எழும்பியது. வராந்தாவின் கடைசிவரை போனாள். திரும்பும் இடத்தில் நின்றுவிட்டாள். என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பி வந்தாள். மெஷின் உங்களிடமே இருக்கட்டும் என்றார் அந்த அம்மா.

நோய் போய்விடவில்லை, இன்றும் சில நாள் நின்றுவிடுகிறாள். என் அவசர புத்தியும் முழுதாகப் போகவில்லை. ஆனால் யாரையாவது பார்த்து, இவர் முயற்சியே செய்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தால், நான் பார்க்காத நேரத்தில் அவர் என்ன பாடுபட்டாரோ என்ற பயம் வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.