ஐம்பத்தேழு நாள் சனி

எங்க வீட்டுக்காரர் பஸ் டெப்போவுல டைம் கீப்பர். கேட்டுக்குப் பக்கத்துல, கண்ணாடி ஜன்னல் வெச்ச சின்ன அறை அவருக்கு. வண்டி உள்ளே வர்ற நேரம், வெளியே போற நேரம், ரெண்டையும் எழுதணும். மனுஷன் ஒரு நிமிஷம் சும்மா உக்கார மாட்டார். வலது கால் ஆடிக்கிட்டே இருக்கும். அவர் மேசை ஆடாம இருக்க, மேசைக் காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை அது நைஞ்சு போகும்னா பாத்துக்கோங்க.

வருஷ ஜாதகம்னா அவருக்குப் பைத்தியம். நாம பிறந்தப்போ சூரியன் எங்கே நின்னுச்சோ, அதே இடத்துக்கு அது வருஷாவருஷம் திரும்பி வர்ற நிமிஷத்துக்குக் கட்டம் போடுவார். அப்புறம் நூத்திருபது வருஷ தசையை அந்த ஒரே வருஷத்துக்குள்ள சுருக்குவார். ஒரு வருஷத்துக்கு மூணு நாள் கணக்கு. குருவுக்குப் பதினாறு வருஷம், அதனால நாப்பத்தெட்டு நாள். சனிக்குப் பத்தொம்பது, அதனால ஐம்பத்தேழு நாள். எந்தக் கிரகத்துல ஆரம்பிக்கறதுன்னு கண்டுபிடிக்க, நட்சத்திர எண்ணோட வயசைக் கூட்டி, ரெண்டைக் கழிச்சு, ஒம்பதால வகுப்பார். மிஞ்சறதுதான் பதில். டிரைவரும் கண்டக்டரும் ஜன்னல்ல தலையை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. "முடிஞ்ச வயசைச் சொல்லுய்யா, நடப்பு வயசு வேண்டாம். ஒண்ணு கூடினா கிரகமே மாறிடும்"னு ஒருத்தரை விடாம அதட்டுவார்.

என் பிறந்தநாள் கழிஞ்ச வாரம், வலது விலாவுக்குக் கீழே அப்படி ஒரு வலி. பித்தப்பையில கல்லு. டாக்டரம்மா ஸ்கேனைப் பாத்துட்டு, "பத்து நாள்ல ஆபரேஷன் பண்ணிடலாம்"னாங்க. இவர் வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் புரட்டினார்.

"இப்ப வேண்டாம். பிறந்தநாள்ல இருந்து ஐம்பத்தேழு நாள் உனக்குச் சனி. அடுத்து புதன் வருது. அப்போ வெச்சுக்கலாம்."

அவர் மேல மட்டும் பழி போட்டா என் நாக்கு அழுகிடும். கத்தின்னா எனக்கும் ஈரக்குலை நடுங்கும். அவர் தள்ளிப் போட்டதும் உள்ளுக்குள்ள அப்பாடான்னுதான் இருந்துச்சு.

ஆனா கல்லு அவர் நோட்டைப் பாத்துட்டா உருளுது? வாரத்துக்கு ஒருதடவை, அப்புறம் ரெண்டு தடவைன்னு வலி வந்துச்சு. நான் கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடப்பேன். இவர் ஹாலுக்கும் ரூமுக்கும் நடையா நடப்பார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? எவ்வளவு நேரம் இருந்துச்சு?" எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குவார்.

"ஏங்க, நான் என்ன உங்க டெப்போ வண்டியா?"ன்னு கத்தினேன் ஒருநாள். அதுக்கும் மணியைப் பாத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாட்சைப் பிடுங்கி எறிஞ்சிருப்பேன், எழுந்திருக்கத்தான் தெம்பில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு லேசா காய்ச்சல் வேற. நர்ஸ் ஃபாரத்தை நிரப்பிக்கிட்டே, "வயசு?"ன்னாங்க.

"நாப்பத்தெட்டு"ன்னார் இவர்.

"பிறந்த தேதி?"

சொன்னேன். நர்ஸ் விரல் விட்டு எண்ணினாங்க. "நாப்பத்தேழுதானே சார் முடிஞ்சிருக்கு? முடிஞ்ச வயசைத்தான் போடணும்."

இவர் கால் ஆட்டம் நின்னுபோச்சு. பையில இருந்து நோட்டை உருவினார். உதடு மட்டும் அசைஞ்சுது. "சித்திரை நட்சத்திரம் பதினாலு, வயசு நாப்பத்தேழு, கூட்டினா அறுபத்தொண்ணு... ரெண்டு போனா ஐம்பத்தொம்பது... மீதி அஞ்சு." முகம் வெளுத்துப் போச்சு. "ஐயோ, அஞ்சுன்னா குரு. ஆறுன்னு போட்டுச் சனின்னு சொல்லிட்டேனே! நல்ல நாள் நாப்பத்தெட்டும் போயிடுச்சு. இப்பதான் சனி நடக்குது. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம். இன்னும் ஒன்றரை மாசம் பொறுத்துக்கோ."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்துச்சோ. "கண்ட டிரைவர்கிட்ட எல்லாம் முடிஞ்ச வயசைக் கேக்கறீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வீட்டுல நாப்பத்தெட்டுன்னுதானே பேசிக்கறோம்... உன்கிட்ட போய் என்ன கேக்கறதுன்னு..."

"நான் துடிச்சது பூரா உங்க குருவுலதான். சனி என்ன பண்ணிடும்னு நானும் பாத்துடறேன்."

நர்ஸ் கையில இருந்த பேனாவை வாங்கி நானே கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் ரூம் கதவைத் தாண்டற வரைக்கும் இவர் நோட்டைத் திறக்கறதும் மூடறதுமா கூடவே வந்தார்.

கண்ணு முழிச்சப்போ டாக்டரம்மா அவர்கிட்ட பேசறது காதுல விழுந்துச்சு. "உள்ளே சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் நாலு நாள் போயிருந்தா எங்களால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

அவங்க போனதும் இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார். காலு ஆடலை. நோட்டு பையிலேயே இருந்துச்சு. நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும்னுதான் நானும் வெச்சிருந்தேன்.

"என்ன, ஊசி போட்ட நேரத்தை எழுதலையா?"ன்னு ஆரம்பிச்சேன்.

இல்லைன்னு தலையை ஆட்டினார். கிட்ட குனிஞ்சார்.

"எங்கேம்மா வலிக்குது?"

இத்தனை நாள்ல அவர் அதைக் கேட்டது அப்பதான். பதில் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்துச்சு.