நாவற்பழ உதடு

எதிர்வீட்டு அக்காதான் முதலில் கேட்டாள். என் மகளுக்கு அப்போது நாலாவது வயது நடந்துகொண்டிருந்தது.

"ஏண்டி, நாகப்பழம் தின்னியா? வாயெல்லாம் ஊதாவா கெடக்கு!"

திண்டுக்கல் தெருக்களில் நாவற்பழக் கூடைகள் வந்து போகும் ஆனி மாதம். சேலைத் தலைப்பை நனைத்து அவள் உதட்டைத் துடைத்தேன். தலைப்பில் கறை ஒட்டவில்லை. சாறு உள்ளே ஊறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆவணியில் கூடைக்காரி வருவது நின்றது. உதடு மட்டும் மாறவில்லை. நகங்களும் அதே நிறத்தில் இருந்தன.

நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். உடலியல் பாடத்தில் இதயம் வரைந்திருக்கிறேன். ஒரு பக்கம் நீலப் பென்சில், அசுத்த இரத்தம், மறுபக்கம் சிவப்பு. நடுவில் சுவர். சுவரை அழுத்தமாக வரைந்ததற்கு டீச்சரிடம் பாராட்டுக்கூட வாங்கினேன். ஆனால் படத்தில் வலதும் இடதும் ஏன் மாறியிருக்கின்றன என்பது மட்டும் புரியவில்லை.

"அது உன் நெஞ்சு இல்லம்மா, உனக்கு எதிர்த்தாப்புல நிக்கிறவுங்க நெஞ்சு" என்றார் டீச்சர்.

தெருப் பிள்ளைகள் கயிற்றுக்குள் நின்று பஸ் ஓட்டி விளையாடுவார்கள். என் மகள்தான் கண்டக்டர். நாலு எட்டு ஓடுவாள். சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"இஞ்சின் சூடாயிருச்சு, தண்ணி ஊத்துங்கடி!" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"இல்ல, வேடசந்தூர் வந்திருச்சு. எறங்குறவுங்க எறங்குங்க."

"பழனி போற பஸ்ஸு வேடசந்தூருக்கு ஏண்டி போகுது?"

"எம் பஸ்ஸு எல்லா ஊர்லயும் நிக்கும்."

மூச்சு திரும்பியதும் எழுந்து விசில் கொடுப்பாள். நடக்கச் சோம்பல்படுகிறாள் என்றுதான் வீட்டில் நினைத்தோம்.

மதுரைப் பெரிய டாக்டர் குழாயை அவள் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு ஒரு தாளில் இதயம் வரைந்தார். இப்போது எனக்கு வலது இடது குழம்பவில்லை. அவள் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

"நடுச்சுவத்துல ஒரு ஓட்டை இருக்கும்மா. நுரையீரலுக்குப் போற குழாயும் ஒடுக்கம். அதனால நீல ரத்தம் செவப்போட கலந்து ஒடம்புக்குப் போயிருது. குத்தவச்சு உக்காந்தா கால்ல ரத்தக்குழாய் மடங்கும். நுரையீரலுக்கு ரத்தம் கொஞ்சம் கூடப் போகும். யாரும் சொல்லாமலே புள்ள அதக் கண்டுபிடிச்சிருக்கு."

என்னால் வந்ததா என்று கேட்டேன். கரு உண்டான இரண்டாம் மாதத்திலேயே அந்தச் சுவர் மூடியிருக்க வேண்டும், அது யார் கையிலும் இல்லை என்றார். நம்பினேன். ஆனால் இரண்டாம் மாதத்தில் தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தேனே என்பதும் நினைவில் வந்தது. இன்றும் வருகிறது.

அறுவை சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதுவதாகச் சொன்னார். அதற்கு அவள் எடை ஏற வேண்டும். முட்டை, கேழ்வரகுக் கூழ், நெய்ச்சோறு என்று ஊட்டினேன். மெல்லுவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. அதிகமாகத் திணிக்கிறேனோ, குறைவாகக் கொடுக்கிறேனோ என்று ஒவ்வொரு கவளத்திலும் தயங்கினேன்.

பஸ் நிற்கும் ஊர்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. முதலில் எங்கள் வாசலுக்கும் குழாயடிக்கும் நடுவே ஒரே ஊர். பிறகு வேடசந்தூருக்கு அடுத்த வீட்டிலேயே கன்னிவாடி. கடைசியில் வாசற்படியில் உட்கார்ந்தபடியே ஊர்ப்பெயர்களைச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் ஓடினார்கள். ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. என் மடியில் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். கால்களை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மடக்கியது போதவில்லை.

அவள் போன பிறகு பிறந்த மகனுக்கு இப்போது மூன்று வயது. நேற்று நாவற்பழம் தின்றுவிட்டு ஊதா வாயோடு வந்து நின்றான். ஈரத்துணியால் தேய்த்தேன்.

"எரியுதும்மா, விடு!"

"பழந்தான். பாரு, துணியில ஒட்டுது" என்றார் என் கணவர்.

ஒட்டியது. அடியில் சிவப்பு இருந்தது. நகத்தை அழுத்திப் பார்த்தேன்; வெளுத்து உடனே சிவந்தது. அவன் தெருவுக்கு ஓடினான். பாதித் தெருவில் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். செருப்பில்லாமல் ஓடினேன்.

"கோலிம்மா" என்று கையை விரித்துக் காட்டிவிட்டு எழுந்து ஓடிவிட்டான்.

ஒரு பிள்ளை இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட முடியும் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.